மலிவான வீடும் அறுபது நாளும்

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் தன் மகனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்திருக்கும் சேதியைச் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டேன். "இல்லினாய்ஸ்ல பியோரியான்னு ஒரு ஊராம். சின்ன ஊர்தான். ஆனா வீடு சல்லிசாம் சார். ரெண்டே வருஷத்துல வாங்கிடலாம்னு சொல்றான்" என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் நியூஜெர்சியில் பேரன் பேத்தி எடுத்தவர். உடனே உச்சுக் கொட்டினார். "அடப்பாவமே, சோளக்கொல்லைக்கு நடுவுல போயா உக்காரப் போறான்? வேற வேலையே கிடைக்கலையா?"

இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. அதற்குள் இலை போட்டுவிட்டதால் பேசவில்லை. இப்போது பேசுகிறேன்.

அந்தப் பியோரியாவில் நானும் என் மனைவியும் 2022 டிசம்பர் முதல் 2023 மே கடைசி வரை இருந்தோம். மகளுக்கு இரண்டாவது பிரசவம். போனது குழந்தையைப் பார்த்துக்கொள்ள. நடந்தது வேறு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த உச்சுக் கொட்டும் கட்சிக்குப் பதில் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவின் நடுமேற்கு என்றால் நம்மவர்களுக்குச் சிகாகோ தெரியும். அதைத் தாண்டினால் ஒன்றுமில்லை என்று நினைப்பு. நான் பிரெஞ்சில் படித்து வளர்ந்தவன். அந்த வட்டாரத்து வரைபடத்தை விரித்ததும் எனக்கு ஏதோ பழக்கப்பட்ட இடத்துக்கு வந்தது போல இருந்தது. அயோவாவில் தெ முவான், இண்டியானாவில் தேர் ஓத், விஸ்கான்சினில் ஓ க்ளேர், ப்ரெரி து ஷியேன் என்று எங்கு பார்த்தாலும் பிரெஞ்சுப் பெயர்கள். அங்குள்ளவர்கள் வாயில் அவை படும் பாடு வேறு கதை. பியோரியாவுக்கு ஆற்றின் எதிர்க்கரையில் ஒரு சிற்றூருக்குக் 'கிரீவ் கோர்' என்று பெயர் சொல்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது, அது 'க்ரேவ் கேர்'. நெஞ்சு உடைதல் என்று பொருள். 1680 ஜனவரியில் லா சால் என்ற பிரெஞ்சுக்காரர் இல்லினாய்ஸ் ஆற்றங்கரையில் கட்டிய கோட்டையின் பெயர் அது. பிரான்சுவா மார்த்தேன் எங்கள் புதுச்சேரியில் 1674-ல் கால் வைத்து ஆறே ஆண்டுகள் கழித்து நடந்தது. அந்த வசந்தத்தில் லா சால் வெளியூர் போயிருந்தபோது, அவருடைய ஆட்களே கோட்டையை இடித்துப் பொருள்களை அள்ளிக்கொண்டு ஓடிவிட்டார்கள். தலைமை ஆள் ஊரை விட்டுப் போனால் கீழே என்ன ஆகும் என்பதற்கு அந்த ஊரின் முதல் பாடமே அதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சோளக்கொல்லை என்று கேலி செய்கிறார்களே, அந்தச் சோளம்தான் உலகத்துக்குப் பெனிசிலினைக் கொடுத்தது என்று சொன்னால் நம்புவார்களா? பிரிட்டனில் ஃப்ளோரியும் ஹீட்லியும் கையளவு மருந்து எடுக்கத் திண்டாடி, 1941-ல் அமெரிக்கா வந்தபோது அவர்களை அனுப்பிவைத்த இடம் பியோரியாவில் இருந்த விவசாயத் துறையின் ஆராய்ச்சிக்கூடம். மக்காச்சோளத்திலிருந்து மாவெடுக்கும்போது மிஞ்சும் கழிவு நீரில் பூஞ்சையை வளர்த்தால் விளைச்சல் பல மடங்கு ஏறுகிறது என்று அங்கேதான் கண்டுபிடித்தார்கள். 1943-ல் அதே ஊர்ச் சந்தையில் கிடைத்த ஒரு அழுகிய முலாம்பழத்தில் இருந்த பூஞ்சை இன்னும் அதிகம் மருந்து தந்தது. என் வயதுக்காரர்களில் எத்தனை பேர் சிறுவயதில் அந்த ஊசி போட்டுப் பிழைத்தவர்கள்! லிங்கன் அடிமை முறை பரவக்கூடாது என்று 1854 அக்டோபர் 16 அன்று மூன்று மணி நேரம் பேசியது இதே ஊரில். பெண்கள் உரிமைக்கு எழுதிய பெட்டி ஃப்ரீடன் 1921-ல் பிறந்தது இங்கே. நகைச்சுவை மேதை ரிச்சர்ட் பிரையர் 1940-ல் பிறந்ததும் இங்கேதான். ஒன்றேகால் லட்சம் பேர் கூட இல்லாத ஊருக்கு இது போதாதா?

மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜனவரி கடைசியில் ஒருநாள் மாப்பிள்ளை ஊரில் இல்லை. இரவெல்லாம் பனி கொட்டியது. விடிந்தால் பேத்தியைப் பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டும், கார் வெளியே வர வழியில்லை. எழுபது தாண்டிய நான் மண்வாரியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தால், எதிர் வீட்டுக்காரர் காலை ஆறு மணிக்குத் தன் பனி தள்ளும் இயந்திரத்தோடு வந்து எங்கள் வாசலை முக்கால்வாசி சுத்தம் செய்துவிட்டிருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கையைக் காட்டி "உள்ளே போங்கள்" என்று சைகை செய்தார். மகள் பிரசவித்து வந்த வாரம் அவர் மனைவி ஒரு பெரிய பாத்திரத்தில் ஏதோ சுட்டுக் கொண்டுவந்தார். நாங்கள் மாமிசம் சாப்பிடமாட்டோம் என்று எப்படியோ விசாரித்துத் தெரிந்துகொண்டு, பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்குமாகச் செய்திருந்தார். இது நியூயார்க்கில் நடக்காது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் நியூஜெர்சி நண்பரிடம் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைக் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை.

ஆகவே குளிர், சலிப்பு, நல்ல தோசை கிடைக்காது, சினிமா இரண்டு வாரம் தாமதம் என்று அடுக்குகிறார்களே, அதெல்லாம் சில்லறைக் குறைகள். குளிர் உண்மைதான். நாங்கள் போன டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முன்பு மைனஸ் 20-ஐத் தொட்டது. ஆனால் வீட்டுக்குள் சட்டை போடாமல் உட்காரலாம். சூறாவளி எச்சரிக்கைச் சங்கு மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனைக்காக ஊதும். முதல் தடவை என் மனைவி பதறிப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இரண்டாம் மாதம் அதைக் கேட்டுக் கடிகாரம் சரி பார்த்தாள். மனிதன் இதற்கெல்லாம் பழகிக்கொள்கிறான்.

இனி மறுகட்சிக்கு வருகிறேன். "வீடு சல்லிசு" கட்சி. என் சண்டை முக்கியமாக இவர்களோடுதான். ஏனென்றால் உச்சுக் கொட்டுகிறவரால் யாருக்கும் நஷ்டமில்லை. சல்லிசு என்று சொல்கிறவரை நம்பி ஒரு குடும்பம் தலையைக் கொடுக்கிறது. என் மகள் குடும்பம் கொடுத்தது.

கணக்கிலிருந்தே தொடங்குவோம், நான் குமாஸ்தாவாக இருந்தவன். நல்ல வீடு ஒன்று இரண்டு லட்சம் டாலருக்குக் கிடைக்கிறது. கலிபோர்னியாவில் அந்தப் பணத்துக்குக் கார் நிறுத்தும் இடம்தான் கிடைக்கும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். சரி. ஆனால் இல்லினாய்ஸ், அமெரிக்காவிலேயே சொத்து வரி மிக அதிகமுள்ள மாநிலங்களில் ஒன்று. வீட்டு மதிப்பில் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் போகிறது. இரண்டு லட்சத்துக்கு இரண்டே சதவீதம் என்று வைத்தாலும் 4,000 டாலர். கடனை அடைத்து முடித்த பிறகும் அது நிற்காது. கூடவே இரண்டு கார், இரண்டு காப்பீடு. பெரிய நகரத்தில் ஒரு காரோடும் ரயில் பாஸோடும் காலம் தள்ளுகிற குடும்பங்கள் உண்டு. இங்கே அது முடியாது. இந்தச் செலவெல்லாம் "சல்லிசு" பத்தியில் யாரும் எழுதுவதில்லை. எழுதினாலும் சின்ன ஊர் பக்கம்தான் மிச்சம் நிற்கும், ஒப்புக்கொள்கிறேன். பிரச்சினை பணத்தில் இல்லை.

பிரச்சினை கதவில் இருக்கிறது. பெரிய நகரத்தில் வேலைக்குப் பத்து கதவுகள். சின்ன ஊரில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

மாப்பிள்ளை எச்-1பி விசாவில் ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் மூலம் வேலை பார்த்தார். 2021-ல் வீடு வாங்கினார்கள். 2023 ஜனவரி இரண்டாம் வாரம், குழந்தைக்கு ஒரு மாதம்கூட நிறையவில்லை, ஒரு வியாழக்கிழமை மதியம் மாப்பிள்ளை மாடியிலிருந்து இறங்கி வந்து, "மாமா, வேலை போயிடுச்சு" என்றார். டீ போடட்டுமா என்று கேட்கும் குரலில் சொன்னார். எனக்கு உடனே விளங்கவில்லை.

எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாள் அவகாசம். 2017 முதல் இருக்கும் விதி. அதற்குள் இன்னொரு கம்பெனி விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மனைவியின் எச்-4 அவர் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு இருப்பது. அதுவும் கூடவே போகும். அந்த நேரத்தில் வேலை தேடுகிற ஒருவர் சிகாகோவிலோ டல்லஸிலோ இருந்தால், அடுத்த தெருவில் நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கலாம். பியோரியாவில் அவர் துறையில் வேலை தரக்கூடிய இடங்களை எண்ண ஒரு கையே அதிகம். சிகாகோ 260 கிலோமீட்டருக்கு அப்பால். 60 நாளில் 48-ஆவது நாள் டெக்சாஸில் ஒரு வேலை கிடைத்தது. கடவுள் புண்ணியம். மார்ச்சில் அவர் தனியே போனார். பேத்தியின் பள்ளி மே கடைசி வரை. வீட்டை விற்க வேண்டும். கைக்குழந்தை. நாங்கள் இரண்டு கிழங்கள் மட்டும் அங்கே இல்லாதிருந்தால் என் மகள் என்ன செய்திருப்பாள் என்று இன்றும் இரவில் யோசிக்கிறேன்.

வீடு வாங்கிய விலைக்கே விற்றது. தரகுக் கமிஷன், அடித்தளத்துக்குச் செய்த மராமத்து, கடன் வாங்கும்போது கட்டிய கட்டணங்கள் எல்லாம் போனது போனதுதான். மூன்று வருடம்கூட இருக்கவில்லை. வாடகைக்கு இருந்திருந்தால் ஒரு சூட்கேஸோடு கிளம்பியிருக்கலாம். சல்லிசான வீடுதான் அவர்களைக் கட்டிப்போட்டது.

"வேலை எங்கேயும் போகும் சார்" என்பார்கள். போகும். ஆனால் சின்ன ஊரில் வேலை தனியாகப் போவதில்லை, தலைமை அலுவலகத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது. பியோரியாவின் அடையாளமே கேட்டர்பில்லர். அந்த மஞ்சள் இயந்திரங்கள் நம் ஊர் ரோட்டிலும் ஓடுகின்றன. ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக அந்த ஊர்க் கம்பெனி. 2017-ல் தலைமை அலுவலகத்தைச் சிகாகோ பக்கம் கொண்டுபோவதாக அறிவித்தார்கள். 2022-ல் அங்கிருந்தும் டெக்சாஸுக்கு என்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் இன்னும் பியோரியா வட்டாரத்தில் வேலை பார்க்கிறார்கள், அது வேறு. ஆனால் முடிவு எடுக்கிறவர்கள் அந்த ஊர்க் கடையில் காய்கறி வாங்குவதில்லை. அருகில் டிகேட்டரில் ஏ.டி.எம். என்ற பெரிய தானிய நிறுவனம் 2014-ல் தலைமையைச் சிகாகோவுக்கு மாற்றியது. பியோரியாவுக்கு வடமேற்கே கேல்ஸ்பர்க்கில் மேடாக் குளிர்பெட்டித் தொழிற்சாலை 2004-ல் மூடி மெக்சிகோவுக்குப் போனது, சுமார் 1,600 பேர் தெருவில் நின்றார்கள். 1970-ல் பியோரியாவில் ஏறக்குறைய 1,27,000 பேர் இருந்தார்கள், 2020 கணக்கெடுப்பில் 1,13,000. லா சால் போன பிறகு கோட்டை என்ன ஆனது என்று சொன்னேன் அல்லவா?

எதிர் வீட்டுப் பெரியவரும் அந்த மஞ்சள் கம்பெனியில் ஓய்வு பெற்றவர்தான். 1982-83-ல் 205 நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் நின்றவர். மாப்பிள்ளைக்கு வேலை போனதைக் கேட்டு அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "எங்களுக்குப் போக இடம் இல்லை, அதனால் இருந்தோம். உங்களுக்கு இருக்கவே அனுமதி இல்லை" என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

அடுத்தது கால். அந்த ஊரில் கார் ஓட்டாதவனுக்குக் கால் இல்லை. நான் காலையில் நாலு கிலோமீட்டர் நடக்கிறவன். மகள் வீட்டுப் பகுதியில் நடைபாதையே கிடையாது. கடை இரண்டு கிலோமீட்டர், நடுவில் ஆறு தடத்துச் சாலை. ஒருநாள் பால் வாங்க நடந்து போனேன். வழியில் மூன்று கார்கள் நின்று "உதவி வேண்டுமா?" என்று கேட்டன. அன்பானவர்கள். ஆனால் ஒரு மனிதன் நடந்து போனால் அவனுக்கு ஏதோ விபரீதம் நடந்திருக்கிறது என்று நினைக்கிற ஊர் அது. பேருந்து உண்டு, நிறுத்தம் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். ரயில்? பியோரியாவுக்குப் பயணிகள் ரயில் கடைசியாக வந்தது 1981-ல். எங்கள் புதுச்சேரிக்கு 1879-ல் வந்த ரயில் இன்றும் வருகிறது.

"ஓட்டக் கத்துக்கிட்டா ஆச்சு" என்பது இவர்களின் பதில். ஓட்டத் தெரிந்தவன் எந்த ஊரிலும் பிழைப்பான். ஒரு ஊரை எடை போட வேண்டியது ஓட்டாதவர்களை வைத்து. பதினாறு வயது ஆகாத பிள்ளைகள், கண் மங்கிய கிழவர்கள், கார் வாங்க வக்கில்லாத ஏழைகள், வந்து இறங்கிய முதல் வருடத்தில் நம் பெண்கள். என் மகள் எம்.எஸ்சி. வேதியியல். எச்-4 விசாவில் இருப்பவர்களில், கணவரின் நிரந்தர வசிப்பு மனு ஒரு கட்டம் தாண்டியிருந்தால் மட்டுமே 2015 முதல் வேலை அனுமதி கொடுக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு அந்த வேலையே தொடங்கவில்லை. முதல் எட்டு மாதம் ஓட்டுநர் உரிமமும் இல்லாமல், ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அப்போது தொலைபேசியில் என்னிடம் "நல்லா இருக்கேம்பா, ரொம்ப அமைதியான ஊர்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அமைதி என்னவென்று எனக்கு 2023-ல்தான் தெரிந்தது. படித்த பெண் நாலு சுவருக்குள் அடைபடுவதைப் பற்றி 1963-ல் உலகமே பேசும்படி புத்தகம் எழுதிய பெட்டி ஃப்ரீடன் பிறந்து வளர்ந்த ஊர் அது. அவர் பெயர் நம் சங்கத்துப் பெண்கள் யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவதாகப் "பாதுகாப்பு". சல்லிசுக் கட்சிக்காரர்கள் உச்சரிக்கும் இரண்டாவது மந்திரம். "குழந்தைங்க வளர்க்க ரொம்ப சேஃப் சார்." நம்மவர்கள் பெரும்பாலும் ஊரின் வடக்கே, டன்லப் பள்ளி வட்டாரத்தில் இருக்கிறார்கள். புது வீடுகள், நல்ல பள்ளி. ஊரின் தெற்கே ஆற்றோரத் தாழ்வுப் பகுதியில் கறுப்பர்கள் அதிகம், வறுமையும் அதிகம். இல்லினாய்ஸ் மாநிலத்திலேயே மிக ஏழையான பகுதிகளில் அதுவும் ஒன்று. வந்த முதல் வாரமே ஒரு தமிழ் நண்பர் எனக்குப் புத்தி சொன்னார்: "அங்கிள், அந்தப் பக்கம் மட்டும் போயிடாதீங்க." அவர் அங்கே எட்டு வருடமாக இருக்கிறார். அந்தப் பக்கம் ஒரு தடவையும் போனதில்லை.

நான் பேசாமல் இருந்தேன், ஆனால் மனதுக்குள் சுருக்கென்றது. எங்கள் புதுச்சேரியில் பெரிய வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்குக் கிழக்கே கடற்கரைப் பக்கம் வெள்ளையர் நகரம் என்றும், மேற்கே கறுப்பர் நகரம் என்றும் பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் மேற்கே பிறந்தவர்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் எங்கள் பக்கத்தைக் காட்டித் தங்கள் பிள்ளைகளுக்கு இப்படித்தான் புத்தி சொல்லியிருப்பார்கள். அந்த வாய்க்காலைத் தாண்டி வந்த பேரன்கள் பத்தாயிரம் மைல் போய் இன்னொரு வாய்க்கால் வெட்டி, வெள்ளைப் பக்கத்தில் வீடு வாங்கி, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறார்கள். வீடு ஏன் சல்லிசு என்ற கேள்விக்கும் பதிலில் பாதி இங்கேதான் இருக்கிறது. ஜனம் குறைந்து, ஆலை மூடி, பாதி ஊர் வாடினால் வீடு விலை இறங்கத்தான் செய்யும். ஒருவருடைய நஷ்டத்தில் நமக்குக் கிடைத்த தள்ளுபடியை, நம் சாமர்த்தியம் என்று கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை.

சின்ன ஊர் என்றால் இப்படித்தான் இருக்கும், விதி என்று விட்டுவிடலாமா? கூடாது. இண்டியானாவில் கொலம்பஸ் என்று ஒரு ஊர், ஐம்பதாயிரம் பேர்தான். அங்கே கம்மின்ஸ் டீசல் இஞ்சின் கம்பெனி. அதன் தலைவராக இருந்த ஜே. இர்வின் மில்லர், ஊரில் பள்ளிக்கூடமோ தீயணைப்பு நிலையமோ கட்டினால் நல்ல கட்டடக் கலைஞரை வையுங்கள், அவர் ஊதியத்தை எங்கள் அறக்கட்டளை கொடுக்கும் என்று 1950-களில் ஏற்பாடு செய்தார். சாரினென், ஐ. எம். பெய் போன்றவர்கள் அந்தச் சின்ன ஊரில் தேவாலயமும் நூலகமும் கட்டினார்கள். இன்றும் தலைமை அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. அங்கும் கார் இல்லாமல் முடியாது, அங்கும் 60 நாள் 60 நாள்தான். ஆனாலும் இந்த ஊரில்தான் இருக்கப்போகிறோம் என்று தலைமையில் இருப்பவன் நினைத்தால் ஊர் ஒரு மாதிரி இருக்கிறது, என்றைக்கு வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று நினைத்தால் வேறு மாதிரி இருக்கிறது. ரயிலை எடுத்தது மனிதர்கள், நடைபாதை போடாமல் விட்டது மனிதர்கள். பனி மட்டும்தான் இயற்கை.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. மகள் எங்களை அங்கேயே தங்கிவிடச் சொன்னாள், பிறகு குடியுரிமை வாங்கி எங்களுக்கும் ஏற்பாடு செய்கிறேன் என்றாள். அன்பில் சொன்னது. அங்கே வேலை பார்த்திராத எங்களைப் போன்ற முதியவர்கள் நிரந்தர வசிப்பு உரிமையோடு தொடர்ந்து ஐந்து வருடம் இருந்த பிறகுதான் அரசின் முதியோர் மருத்துவக் காப்பீட்டில் பணம் கட்டிச் சேரவே முடியும். அதுவரை ஒரு தலைசுற்றலுக்கும் பிள்ளைகள் பர்ஸைத் திறக்க வேண்டும். இங்கே நான் நடந்து போய் மருந்து வாங்குகிறேன், நடந்து போய்க் கடலைப் பார்க்கிறேன், எனக்கு யாரும் கார்க் கதவு திறக்க வேண்டியதில்லை. என் மனைவி ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னாள்: "பேரப் பிள்ளைங்களைப் பாக்கப் போகலாம், அவங்க நம்மளைப் பாத்துக்கணும்னு போகக் கூடாது."

இவ்வளவு திட்டிவிட்டு, அந்த ஊரில் எனக்குப் பிடித்ததைச் சொல்லாமல் விட்டால் பாவம். பொது நூலகத்தில் பேத்திக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். ஆறு வயதுப் பெண் தானே புத்தகத்தை எடுத்து, தானே இயந்திரத்தில் பதிந்து, ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வருவாள். ஒரு பைசா கிடையாது. டெக்சாஸ் போன பிறகும் அந்த அட்டையைப் பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறாள். எதிர் வீட்டுப் பெரியவர் நாங்கள் கிளம்பிய அன்று வாசலில் வந்து நின்றார். 'கிரீவ் கோர்' என்பதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் முன்பு சொல்லிக்கொடுத்திருந்தேன். அன்று சரியாக உச்சரித்துக் காட்டிவிட்டு, காரின் கதவைத் தட்டி விடை கொடுத்தார்.

சரி, என் கல்யாண வீட்டு நண்பருக்கு வருகிறேன். பையனைப் போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல ஊர், நல்ல ஜனங்கள், போகட்டும். கோப்பில் குறிப்பு எழுதி மேலே அனுப்புவது என் பழைய பழக்கம், அதனால் நிபந்தனைகளோடு சிபாரிசு செய்கிறேன். நிரந்தர வசிப்பு உரிமை கைக்கு வரும் வரை வாடகை வீடு. வாடகை வீண் என்று யார் சொன்னாலும் காதில் வாங்க வேண்டாம், கிளம்ப வேண்டிய நாளில் கிளம்பும் சுதந்திரத்துக்குக் கொடுக்கும் விலை அது. கல்யாணம் ஆகி மருமகள் போனால், முதல் மாதமே அவளுக்கு ஓட்டுநர் உரிமத்துக்கு ஏற்பாடு, சோபாவும் டிவியும் அப்புறம். நூலகத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் வீடு பார்க்கட்டும், கொஞ்சம் பழைய வீடாக இருந்தாலும் பரவாயில்லை. ஆறு மாதச் செலவுக்குப் பணத்தைத் தனியே வைக்கட்டும். ஊரின் தெற்குப் பக்கமும் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

நேற்று தொலைபேசியில் இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான் சார், ஆனா பையன் இன்னிக்குக் காலைல வீட்டு போட்டோ ஒண்ணு அனுப்பியிருக்கான். நாலு படுக்கையறை, பின்னால தோட்டம், விலையைக் கேட்டா நம்பமாட்டீங்க" என்றார்.

நான் நம்பினேன்.